முன்பல் வடிவம் மாற்ற: வெனீரா, காம்போசிட்டா, கேப்பா?

முன்பல் சின்னது, ஓரம் உடைந்தது, நடுவில் இடைவெளி என்று போனால், சென்னை கிளினிக்குகளில் வெனீர் (பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய தகடு), காம்போசிட் (பல் நிறப் பிசின்), கேப் (பல்லை முழுதும் மூடும் உறை) ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். பளபளப்பையும் விலையையும் வைத்து முடிவெடுப்பவர்களே அதிகம். முதலில் கேட்க வேண்டியது, எந்த வழி பல்லின் கடினமான மேல்படலமான எனாமலை எவ்வளவு பறிக்கும் என்பதுதான். சீவிய எனாமல் திரும்ப வளராது.

காம்போசிட்டில் பெரும்பாலும் பல்லைச் சீவுவதே இல்லை. பிசினை அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக்குவார்கள். ஒரே நாள் வேலை, செலவும் குறைவு. ஓரம் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஃபில்டர் காபியும் மஞ்சள் போட்ட குழம்பும் தினமும் படுவதால் சில ஆண்டுகளில் மங்கும், பாலிஷ் தேவைப்படும். ஆனாலும் சின்ன வயதுக்காரருக்கும், ஓரிரு மி.மீ. இடைவெளிக்கும், கூம்பு வடிவப் பக்கவாட்டு முன்பல்லுக்கும் முதலில் இதுவே சரி.

போர்சலின் (பீங்கான்) வெனீர் 0.3 முதல் 0.7 மி.மீ. தடிமன். எளிதில் கறை பிடிக்காது, நன்றாக ஒட்டினால் பத்து ஆண்டு தாண்டும். அதற்காகப் பல்லின் முன்புறத்தைச் சுமார் அரை மி.மீ. சீவுவார்கள். ஈறு ஓரத்தில் எனாமல் மெல்லியது; அங்கேயும் அதே ஆழம் போனால் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் தெரிந்துவிடும். டென்டினில் பிடிப்பு குறைவு. பிறகு வரும் கூச்சத்துக்கும் வெனீர் கழல்வதற்கும் இது முக்கியக் காரணம்.

ஒட்டும் நாளில் அவசரம் ஆகாது. லித்தியம் டைசிலிகேட் என்ற வகைப் பீங்கான் வெனீரின் உட்பக்கத்தில் 5% ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் 20 விநாடி, கழுவிக் காயவைத்து சிலேன் என்ற பிடிப்புத் திரவம். பல்லில் 37% பாஸ்பாரிக் அமிலம் 15 முதல் 30 விநாடி, பாண்டிங் என்ற ஒட்டுத் திரவம், அப்புறம் ரெசின் சிமென்ட் என்ற பசை. நடுவில் எச்சில் பட்டால் பிடிப்பு கெடும். எச்சில் படாமல் பல்லைத் தனியே பிரிக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் போடுகிறார்களா என்று கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃப்ளோரைடு மிகுந்த நீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்பேறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது, கூடுதல் நேரம் வைக்க வேண்டிவரும். பல்லை வெளுக்கும் எண்ணம் இருந்தால் முன்பே செய்து, இரண்டு வாரம் விட்டு ஒட்ட வேண்டும்.

கேப் பல்லைச் சுற்றிலும் சீவும். பல்லின் வெளித்தெரியும் பகுதியில் பாதிக்கு மேலே போய்விடும். ரூட் கேனல் செய்து பலவீனமான பல்லுக்கு, பெரிதாக உடைந்த பல்லுக்கு அது தேவை. கோணல் பல்லைக் கம்பி போடாமல் ஒரு வாரத்தில் நேராக்குகிறோம் என்று நல்ல பற்களுக்குக் கேப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும், சீவுவதற்கு முன் மாதிரி வடிவத்தைப் பல்லின் மேல் தற்காலிகமாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "வாவா, வாங்க" என்று பேசிப் பாருங்கள். மேல்பல் நுனி கீழ் உதட்டில் அழுந்தி இடித்தால் நீளம் அதிகம்.

இரவில் பல்லைக் கடிப்பவருக்கு தூங்கும்போது பல்லில் மாட்டும் உறையான நைட் கார்டு கட்டாயம். வெனீர் கழன்றால் சிறு டப்பாவில் பத்திரமாக எடுத்துப் போங்கள். வீட்டில் பசை போட்டு ஒட்டினால் மருத்துவரால் அதைத் திரும்பப் பொருத்துவது கடினம்.