சிகரெட்டிலிருந்து வேப்புக்கு: லண்டனில் ஆறரை ஆண்டுகள்

கடைசி சிகரெட்டை 2019 மார்ச்சில் அணைத்தேன். நடுவில் திருச்சியில் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பழக்கம் தொடங்கியது 2003-ல், கல்லூரி விடுதியில். வாசலில் இருந்த டீக்கடையில் தூணில் தொங்கும் கயிற்றின் கங்கில் பற்றவைத்து, டீயோடு ஒன்று. லண்டனுக்கு வந்த பிறகு அது ஒரு நாளைக்குப் பதினைந்து ஆனது. தோல் வழியாக நிகோடின் தரும் பேட்ச் ஒட்டி இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் ஒரு மாதம்கூடத் தாண்டவில்லை.

வேப்பில், அதாவது மின்-சிகரெட்டில், முதல் முயற்சியும் தோல்விதான். 2018-ல் ஒரு கடையில் பெரிய கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அறையே மறையும் அளவுக்கு ஆவி வந்தது, ஆனால் திரவத்தில் நிகோடின் ஒரு மில்லிக்கு 3 மி.கி. மட்டுமே. நாள் முழுக்க அதை இழுத்துவிட்டு, ராத்திரி வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வருவேன். இரண்டே வாரத்தில் அது மேசை டிராயருக்குள் போய்விட்டது.

அடுத்த ஆண்டு, புகைப்பழக்கத்தை விட உதவும் இலவச சேவைக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொன்னார். மூச்சில் கார்பன் மோனாக்சைடு, புகையிலிருந்து வரும் நச்சு வாயு, 23 பிபிஎம் (பத்து லட்சத்தில் 23 பங்கு). பழைய கதையைக் கேட்டதும், "நீங்கள் எடுத்தது உங்களுக்குப் போதாத அளவு" என்றார். அவர் சொன்னது: பேனா அளவுள்ள சிறிய கருவி, தொண்டையை அதிகம் உறுத்தாத நிகோடின் சால்ட் திரவம், ஒரு மில்லிக்கு 20 மி.கி. பிரிட்டனில் சட்டப்படி அதுதான் உச்ச அளவு. சிகரெட்டைப் போலவே வாயில் இழுத்து நிறுத்தி, பிறகு உள்ளே விட வேண்டும். நேராக நெஞ்சுக்குள் இழுத்தால் இருமல் பிய்த்துவிடும்.

மூன்று வாரம் சிகரெட்டும் வேப்பும் சேர்ந்தே ஓடின. காலை டீயோடு வரும் முதல் சிகரெட்தான் கடைசி வரை விடவில்லை. அதுவும் நின்று நான்கு வாரம் கழித்து ஊதியபோது 3 பிபிஎம். வேப்பில் எதுவும் எரிவதில்லை. பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது, பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது, அவ்வளவுதான். அதனால் கார்பன் மோனாக்சைடும் இல்லை, புகையில் வரும் பிசுபிசுப்பான தாரும் இல்லை. ஆனால் நிகோடின் உண்டு, சூடாகும்போது உண்டாகும் வேறு சில பொருட்களும் உண்டு. வேப் என்றால் சுத்தமான காற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் மாதத்தில் வாய் காய்ந்தது, தொண்டை கரகரத்தது, ஒரு வாய்ப்புண்ணும் வந்தது. திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும் பொருள், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் சமையலறையில் பெருங்காயம் பொரியும் வாசனை படுக்கையறை வரைக்கும் வந்தது. அத்தனை வருடமாக அந்த வாசனை எனக்கு வரவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது காயில் (அந்தக் கம்பிச்சுருளும் பஞ்சும்) போட்டுத் திரவம் நிரப்பியதும் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். பஞ்சு ஊறுவதற்குள் இழுத்தால் அது கருகி, அடிப்பிடித்த பால் மாதிரி ஒரு சுவை வரும். பிறகு அந்தக் காயிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இனிப்பு அதிகமான திரவம் காயிலை ஒரு வாரத்தில் கொன்றுவிடும், புதினா எனக்கு இரண்டு வாரம் தாங்கியது. குழந்தை இருக்கும் வீட்டில் பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். திரவ நிகோடின் விஷம். செலவு எனக்கு மாதம் 25 பவுண்டுக்குள் அடங்கியது. அதே பழக்கம் சிகரெட்டில் இருந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் அந்தப் பணம் போயிருக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப்புகளை நான் தொட்டதில்லை. 2025 ஜூனிலிருந்து பிரிட்டனில் அவற்றின் விற்பனைக்கே தடை.

2019 கடைசியில் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் நுரையீரல் பாதித்து இறந்த செய்தி வந்தபோது, "தூக்கிப் போடுங்க அதை" என்று மனைவி அழுதாள். அங்கே பெரும்பாலும் காரணமாக இருந்தது கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட். பிரிட்டனில் வேப் திரவத்தில் வைட்டமின் சேர்க்கவே கூடாது. அதை எடுத்துச் சொன்னேன், ஓரளவு சமாதானமானாள். ஆனால் அவள் பயம் தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

உண்மையான சிக்கல் வேறு. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, எரிந்து தீரும். வேப்புக்கு அது இல்லை. மேசையில், சோபாவில், படுக்கையில் என்று கை அதைத் தேடிக்கொண்டே இருந்தது. 2019-ல் பிரிட்டனில் 886 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஓராண்டு கழித்து, வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள், பேட்ச், கம் (நிகோடின் கலந்த சூயிங் கம்) போன்றவற்றை எடுத்தவர்களில் 9.9 சதவீதம். பலரும் இதை மட்டும்தான் சொல்வார்கள். அப்படி விட்டவர்களில், வேப் குழுவில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். மற்றக் குழுவில் 9 சதவீதம் பேர்தான் பேட்ச், கம்மைத் தொடர்ந்தார்கள். நான் அந்த 80-ல் ஒருவன்.

அது எனக்கு உறைத்தது 2022 டிசம்பரில், ஊருக்குப் போனபோது. இந்தியாவில் 2019-லிருந்து வேப்புக்குத் தடை, விற்பதும் கொண்டுவருவதும் குற்றம். அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டு நிகோடின் கம் மட்டும் எடுத்துப் போனேன். மூன்றாம் நாள் தலைவலி, எரிச்சல், பிள்ளையிடம் காரணமில்லாமல் கத்தல். அன்று மாலை பழைய நண்பனோடு டீக்கடை. "ஒண்ணே ஒண்ணுடா" என்று நீட்டினான். வாங்கிவிட்டேன். சாம்பலைத் தின்ற மாதிரி இருந்தது. ஆனாலும் இரண்டாவதற்குக் கை போனது, அதுதான் பயமுறுத்தியது. எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திரும்பியதும் இரண்டு விதி வைத்தேன். வீட்டுக்குள் இழுப்பதில்லை, தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளவைக் குறைக்க வேண்டும். 20-லிருந்து 10 சுலபம். 10-லிருந்து 6-க்கு இறங்கியபோது என்னையறியாமல் இருமடங்கு இழுத்தேன், திரவம் சட்டென்று தீர்ந்தது. அப்போது பழைய அளவுக்கு ஓடாமல் ஆறு வாரம் பொறுத்தேன், தானாக அடங்கியது. இப்போது 3 மி.கி., இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்.

ஜனவரியில் மறுபடி திருச்சி. போன வாரம் மச்சான் கூப்பிட்டார், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிறவர். "மாப்ள, உங்க மெஷின் எனக்கு ஒண்ணு கொண்டாங்களேன்" என்றார். "அது அங்க சட்டப்படி முடியாது மச்சான். கம் அங்கயே மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும். 1800-112-356-க்குப் போன் போடுங்க, சிகரெட்டை விட உதவுற அரசாங்க நம்பர், காசு இல்லை. நான் வந்ததும் உங்களோட சேர்ந்து நானும் மிச்சத்தை நிறுத்துறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, தேதியைச் சொல்லுங்க" என்றார்.