சொல் பட்டியல் புத்தகமா, ஆங்கி செயலியா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைக் கவனிக்கும் வேலையில், இருக்கிறவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் எப்படியோ ஓடிவிடும். பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், அனுப்பும் மெயிலில்தான் சிக்கல். ‘டிஸ்கிரெபன்ஸி’, ‘கன்டிஞ்ஜென்ட்’, ‘வெய்வ்’ என்று வரும். ஊகத்தில் பதில் போட்டால் பணம் மாட்டிக்கொள்ளும். சொல்வளத்தைக் கூட்ட இறங்கியபோது சொல் பட்டியல் புத்தகம், சொற்களை அட்டை அட்டையாகக் காட்டிச் சோதிக்கும் ஆங்கி செயலி இரண்டையும் பார்த்துவிட்டு ஆங்கியில் நின்றேன்.

புத்தகத்துக்கு சார்ஜ் வேண்டாம். வேர்ச்சொல்வாரியாகப் பிரித்திருந்தால் இன்னும் நல்லது: லத்தீனில் ‘பெனே’ நல்லது, ‘மாலே’ கெட்டது என்று தெரிந்தால் பெனவலன்ட், மாலவலன்ட் இரண்டும் சேர்ந்தே பிடிபடும்.

ஆனால் முடிவு செய்வது மறதிதான். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்த ஹெர்மன் எபிங்ஹவுஸ், பெரும்பகுதி ஒரு நாளுக்குள் கழன்றுவிடுகிறது என்று 1885-லேயே எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கும். புத்தகத்தில் அந்தக் கணக்கை நாமே வைக்க வேண்டும். யார் வைப்பது? அகர வரிசைப் புத்தகம் என்றால் ‘ஏ’, ‘பி’ சொற்கள் தண்ணீர்பட்ட பாடு. ‘எம்’ பக்கமே புரட்டியிருக்க மாட்டோம். ஆங்கியில் தெரியவில்லை என்று அழுத்தினால் அட்டை சில நிமிடத்தில் திரும்ப வரும். தெரிந்தால் நாள், வாரம், மாதம் என்று தள்ளிப் போகும்.

அட்டையை நாமே செய்வது நல்லது. என்னுடையதில் முன்பக்கம் மெயிலில் வந்த முழு வரி, டிஸ்கிரெபன்ஸி மட்டும் தடித்த எழுத்தில். பின்பக்கம்: ‘எல்சியில் சொன்னதற்கும் இன்வாய்ஸில் இருப்பதற்கும் உள்ள முரண்பாடு.’ (எல்சி என்றால் லெட்டர் ஆஃப் கிரெடிட், பணத்துக்கு பேங்க் தரும் உறுதிக் கடிதம்.)

பராமரிப்பு இதற்கும் உண்டு. செயலி தரும் ஆரம்ப அளவு நாளுக்கு 20 புதிய அட்டை. அப்படியே விட்டால் திரும்பப் பார்க்க வேண்டியது நாளுக்கு 200 அட்டை வரை போய்விடும். வேலைக்குப் போகிறவர்கள் 5-க்குக் குறைத்துவிடுங்கள். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் விட்டாலே அட்டை குவிந்து கிடக்கும். அப்போது புதியதை நிறுத்திப் பழையதைத் தீர்த்தால் போதும்.

ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வை நான் எழுதியதில்லை; குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கில் சொல் வேண்டியவர்களுக்கு இந்த வேகம் போதுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

போனே ஆகாது என்றால் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் சொன்ன பெட்டி முறை இருக்கிறது. ஐந்து அறை, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு, தப்பானது முதல் அறைக்கு. ஈரோட்டில் பேங்க் தேர்வுக்குப் படிக்கும் என் அத்தை மகள் செருப்பு டப்பாவைத் தடுத்து இப்படித்தான் படிக்கிறாள்.