காது இரைச்சலுக்கு ‘கோர்ஸ்’ வாங்கும் முன் உங்கள் மாத்திரை அட்டைகளைப் பாருங்கள்

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையே காது இரைச்சலைக் கூட்டுமா? கூட்டலாம். எல்லா மாத்திரையும் அப்படிச் செய்யாது, எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனால் காது இரைச்சல் என்று போய் நிற்கும் ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘இப்போது என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்பதுதான். அதைக் கேட்காமலேயே ஒரு காது சிகிச்சை மையம் என்னிடம் ஒரு முழு ‘கோர்ஸு’க்கும் முன்பணம் வாங்கிக்கொண்டது. பெயர் போட விரும்பவில்லை. இவர்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

எனக்கு லேசான இரைச்சல் பல வருடமாகவே உண்டு. ராத்திரி சத்தமெல்லாம் அடங்கிய பிறகுதான் கேட்கும், அதோடு பழகியும் போயிருந்தேன். இடுப்பு வலிக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு அது பகலிலும் கேட்கத் தொடங்கியது. எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ‘ஙொய்ங்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். தூக்கம் போனது.

அந்த மையத்தில் செவித்திறன் சோதனை எடுத்தார்கள். வரைபடத்தைக் காட்டி ‘நரம்பு பலவீனம்’ என்றார்கள். இடுப்பு வலி மாத்திரை பற்றி நானாகத்தான் சொன்னேன். “அதுக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை” என்று முடித்துவிட்டார் மருத்துவர், அட்டையைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. அங்கேயே விற்கும் மருந்துகள் ஒரு பை நிறைய வந்தன: பீட்டாஹிஸ்டின், கிங்கோ என்ற மூலிகை மாத்திரை, ஏதோ சத்து மாத்திரை, ராத்திரிக்குக் குளோனாசெபம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை. குறையவில்லை என்று திரும்பிப் போனபோது, “மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு, அதான் அப்படி” என்று சொல்லி இரண்டாவது கோர்ஸுக்கு ரசீது போட ஆரம்பித்தார்கள். மீதிப் பணத்தைக் கேட்டேன். பாதியில் நிறுத்தினால் திரும்ப வராதாம். அந்த விதி பணம் வாங்கும்போது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பையில் இருந்ததைப் பற்றிப் பிறகு படித்தேன். வேறு காரணம் எதுவும் இல்லாத வெறும் காது இரைச்சலுக்குப் பீட்டாஹிஸ்டின் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2020 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. அது மெனியர் என்ற உட்செவி நோயின் தலைசுற்றலுக்குப் பயன்படுத்தும் மருந்து. கிங்கோ, துத்தநாகம் போன்றவற்றைக் காது இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதலும் சொல்கிறது. இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை என்று நிரூபிக்கப்பட்டது இன்றுவரை எதுவும் இல்லை. யாராவது அப்படி விற்றால் அங்கேயே எழுந்துவிடலாம்.

அடுத்து நான் பார்த்த மருத்துவர், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு கொண்டுவரச் சொன்னார். மேசையில் பரப்பி, பிராண்டு பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் படித்தார். ஒன்றில் டைக்ளோஃபெனாக். இன்னொன்றில் இபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்த கலவை. டைக்ளோஃபெனாக்கும் இபுபுரூஃபெனும் ஒரே வகை வலி மருந்து. வேறு வேறு பெயரில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காதை விடுங்கள், வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்குமே இது ஆகாது என்றார். இடுப்பு வலி மருத்துவரிடம் அவரே பேசி மாற்றினார். சில வாரங்களில் இரைச்சல் பழைய அளவுக்கு இறங்கியது. மாத்திரைதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, காது இரைச்சல் தானாகவும் ஏறி இறங்கும். ஆனாலும் ஆரம்பித்தபோது ஏறியதும் நிறுத்தியபோது இறங்கியதும் அந்த மையத்துக்குக் கேட்கத் தோன்றாத கேள்விக்குப் போதுமான பதில்தான். குளோனாசெபத்தை மட்டும் சட்டென்று நிறுத்தவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். திடீரென விட்டால் அதுவே இரைச்சலைக் கிளப்பிவிடக்கூடுமாம்.

ஆஸ்பிரின் அதிக டோஸில் காதில் ரீங்காரம் உண்டாக்கும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. டோஸைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். இதயத்துக்காகக் கொடுக்கும் சின்ன அளவில் இது அரிது. மலேரியாவுக்கான குவினைனும் இப்படியே. நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைடை ரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினாலோ, சிறுநீரகம் பழுதாக இருந்தாலோ காதில் சிக்கல் வரலாம். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசிகளும் புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் வேறு ரகம். உட்செவியில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்களை இவை அழிக்கக்கூடும். அழிந்தவை மறுபடி வளராது. பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும், அதனால் பாதிப்பு உடனே தெரியாது. இரைச்சல் முன்னறிவிப்பாக வரலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம், முக்கியமாகக் காசநோய், புற்றுநோய், இதயம், மனநலம் சம்பந்தப்பட்டவற்றை. அங்கே மருந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன ஊசிகள் போடப் போகிறார்கள் என்றால், போடும் முன்பே ஒரு செவித்திறன் சோதனை எடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இந்த ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருந்தாலோ அதையும் சொல்லுங்கள். தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசியின் ஒரு சில டோஸிலேயே காது போகலாம்.

மருந்துக்கடையில் புது மாத்திரை வாங்கும்போது பழைய அட்டைகளையும் நீட்டி, ‘இரண்டிலும் ஒரே வகை மருந்து இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுங்கள். இரைச்சல் எந்தத் தேதியில் கூடியது, எந்த மருந்து எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். “டென்ஷன்தான்” என்று மருத்துவர் ஒதுக்க நினைத்தாலும் அந்தத் தாளை ஒதுக்குவது கஷ்டம்.

ஒரு காது திடீரென மந்தமானாலோ, இரைச்சலோடு தலை சுற்றினாலோ கோர்ஸ், தாள் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர் செவிக்குறைவுக்கான சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.