ரயில் வந்த கிராமங்கள்: எந்த மாறிகளைச் சேர்ப்பது?

போருக்குப் பின் இலங்கையின் வடக்குப் புகையிரதப் பாதை துண்டு துண்டாகத்தான் திறந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. ரயிலால் ஊர்க்கடைகள் பெருகினவா என்று கிராம அலுவலர் பிரிவுவாரியாக, ஆண்டுவாரியாகப் பார்க்க விரும்புபவருக்கு வாய்ப்பான வரிசை இது. ரயில் கண்ட ஊர்களின் மாற்றத்தை ரயில் காணாத ஊர்களின் மாற்றத்தோடு ஒப்பிடும் ‘வேறுபாடுகளின் வேறுபாடு’ (difference-in-differences) முறையில், கட்டுப்பாட்டு மாறிகளை, அதாவது நிலையாக வைத்து ஒப்பிடும் பிற காரணிகளை, தெரிவுசெய்யும் இடத்தில்தான் ஆய்வுகள் சறுக்குகின்றன.

பழகிய வழி, பிரிவுக்கும் ஆண்டுக்கும் நிலைவிளைவு (fixed effect: பிரிவின் மாறாத இயல்பையும் ஆண்டின் பொதுவான மாற்றத்தையும் கழிப்பது) போட்டு, ஆண்டுதோறும் மாறும் மாறிகளையும் சேர்த்து ஒரே பிற்செலவாக (regression) ஓட்டுவது. ஒரு மாணவி கொண்டுவந்த அட்டவணையில் சனத்தொகை, பஸ் சேவை, காணி விலை மூன்றும் இருந்தன. காணி விலையைச் சேர்த்ததும் ரயிலின் குணகம் கரைந்துவிட்டது என்று தேநீரைக்கூடத் தொடாமல் இருந்தார். கரையாமல் என்ன செய்யும்? கொடிகாமத்தில் நிலையம் இயங்கத் தொடங்கினால் சந்தையைச் சுற்றிய காணிக்கு விலை ஏறலாம். கடைகளும் அதே வேகத்தில் முளைக்கலாம். அந்த விலையை நிலையாக வைத்துக்கொண்டு ரயிலின் பலனைத் தேடினால், பலனில் ஒரு பங்கை நாமே கழித்துவிடுகிறோம். பஸ் சேவைக்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு, ஏற்கெனவே ரயில் கண்ட கிளிநொச்சியை இந்த வழி காங்கேசன்துறைக்கு ஒப்பீடாக நிறுத்தும். பொருளியலாளர் குட்மன்-பேக்கன் 2021இல் பிரித்துக் காட்டியது இந்தக் கோளாறைத்தான்.

இரண்டாவது வழி, ரயிலுக்கு முந்திய பெறுமதிகளை மட்டும் எடுத்து ஒவ்வோர் ஆண்டையும் குறிக்கும் 0/1 மாறிகளோடு பெருக்குவது. கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதியிலிருந்துள்ள தூரம் போன்றவை அப்படியே போட்டால் நிலைவிளைவுக்குள் மறைந்துவிடும், பெருக்கினால்தான் பேசும். அடிப்படைத் தரவுக்கு 2012 குடிசன மதிப்பீடு இருக்கிறது. 1981க்குப் பின் வடக்கு முழுவதையும் முதன்முறையாக எண்ணியது அதுதான். ஆனால் மீள்குடியேற்றம் அப்போதும் ஓயவில்லை. அந்த ஓராண்டுச் சனத்தொகையை ஊரின் இயல்பு என்று நம்பிவிட முடியாது. இந்த வழியிலும் பழைய ஒப்பீட்டுக் கோளாறு நீங்குவதில்லை.

மூன்றாவது, பொருளியலாளர்கள் கேலவேயும் சாந்தன்னாவும் 2021இல் தந்த வழி. திறந்த காலப்படி பிரிவுகளைக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவையும் இன்னும் ரயில் காணாதவற்றோடு மட்டும் ஒப்பிடலாம். மாறிகளின் பெறுமதி திறப்புக்குச் சற்று முந்திய காலத்தது. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் 2015க்குப் பின் பாதையோரத்தில் ‘இன்னும் காணாத’ பிரிவு எதுவும் மிஞ்சாது. ரயில் போகாத வடமராட்சியையும் தீவுகளையும்தான் நாட வேண்டும். பருத்தித்துறைக் கரையோரப் பிரிவைச் சாவகச்சேரியோடு சேர்க்கத் தொழில் அமைப்பை மாறியாக்கலாம். நெடுந்தீவுக்கு எந்த மாறியும் உதவாது, பாதையோரத்தில் அதற்கு நிகரே இல்லை. மாறிகளைக் கூட்டக் கூட்ட இப்படி நிகரற்ற பிரிவுகள் பெருகும். சிறிய குழுக்களில், ஒப்பீட்டுப் பிரிவுகளுக்குக் கொடுக்கும் நிறைகளின் கணிப்பே ஆட்டம் காணும். மூன்று நான்கு மாறிகளோடு நிறுத்திவிடுவேன். ஆண்டுத் தரவாக இருந்தால் பளையும் யாழ்ப்பாணமும் ஒரே குழுவாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

காங்கேசன்துறை தனிச் சிக்கல். அது அடங்கும் வலிகாமம் வடக்கில் அதே காலத்தில் இராணுவத்தின் பிடியிலிருந்த காணிகளின் விடுவிப்பும் நடந்தது. அந்த விடுவிப்பு ஆண்டுதோறும் மாறுவது, ஆனால் ரயிலால் விளைந்ததல்ல. முந்திய பெறுமதி எதுவும் அதைப் பிடிக்காது. அந்தக் குழுவை முதன்மைக் கணக்கில் சேர்க்காமல், தனி அட்டவணையாகப் போடும்படி மாணவியிடம் சொன்னேன்.