ஈறுக்குள் வைத்த டெட்ராசைக்ளின் ஃபைபர்: சில வருடங்கள் கழித்து

ஈறு நோய்க்கு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை மாத்திரையாக விழுங்காமல், மருந்து ஏற்றிய இழையாக (ஃபைபர்) நோய் இருக்கும் இடத்திலேயே வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே விளம்பர வாசனைதான் அடிக்கிறது. வைத்துக்கொண்டு சில வருடம் ஆன ஆள் என்ற முறையில் என் வாய்க் கதையைச் சொல்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியவன், சர்க்கரையும் உண்டு. பல் தேய்த்தால் ரத்தம், காலையில் எழுந்தால் வாயில் ஒரு கெட்ட ருசி. முதலில் போன க்ளினிக்கில் பல்லில் படிந்த காரையைக்கூட எடுக்காமல் ஈறுக்குள் ஏதோ ஜெல்லைப் பீய்ச்சி அனுப்பிவிட்டார்கள். பில் கனமாக வந்தது, ரத்தம் நிற்கவில்லை. அப்புறம்தான் ஈறுக்கென்றே படித்த மருத்துவரைத் தேடிப் போனேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் இறக்கி, உதவிக்கு நின்ற பெண்ணிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று வரை பயமில்லை. எனக்கு மேல்வரிசையில் ஒரு சிறு கடைவாய்ப்பல்லில் ஆறு, கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஏழு. ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் இந்தப் பள்ளத்தைத்தான் பாக்கெட் என்கிறார்கள்.

உடனே மருந்து வைக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்தார். காரைமேல் கிருமிகள் பிசுபிசுவென்று படலம் கட்டிக்கொண்டு கிடக்கும். அதைக் கலைக்காமல் மேலே மருந்து ஊற்றினால் உள்ளே இறங்காது. சில வாரம் கழித்து மறுபடி அளந்தபோது பெரும்பாலான இடங்கள் தாமாகவே தேறியிருந்தன. அந்த இரண்டு பற்களில் மட்டும் ஐந்துக்கு மேலேயே நின்றது, கம்பி பட்டதும் ரத்தம் வந்தது. அங்கே மட்டும் ஃபைபர் வைக்கலாம் என்றார். எடுத்த எடுப்பில் வாய் முழுக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

மெடிக்கலில் கிடைக்கும் மெட்ரோனிடசோல் ஜெல்லைத் தடவினால் போதாதா என்று கேட்டேன். ஈறிலிருந்து பாக்கெட்டுக்குள் ஒரு திரவம் கசிந்துகொண்டே இருக்கிறதாம். ஐந்து மில்லிமீட்டர் பாக்கெட்டில் அது மணிக்குச் சுமார் 40 தடவை மாறிவிடுகிறது. தடவிய மருந்து ஆழத்துக்குப் போவதே கஷ்டம், போனாலும் நிற்காது. அதனால்தான் மெல்ல மெல்ல மருந்தை விடும் பொருள் வேண்டும். 1979-லேயே பாஸ்டனில் மேக்ஸ் குட்சன் குழுவினர் டெட்ராசைக்ளின் நிரப்பிய நுண்குழாய் இழைகளைப் பாக்கெட்டில் வைத்துப் பார்த்தார்கள். பின்னால் அமெரிக்காவில் வந்த ஆக்டிசைட் கரையாத இழை. பத்து நாள் கழித்து எடுக்க வேண்டியிருந்தது. டாக்ஸிசைக்ளின் ஜெல்லும் மினோசைக்ளின் நுண்துகளும் அதற்கும் பிறகு வந்தவை. எனக்கு வைத்தது சென்னைத் தயாரிப்பான, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன ஃபைபர். 25 மில்லிகிராம் கொலாஜனில் சுமார் 2 மில்லிகிராம் டெட்ராசைக்ளின். தானே கரைந்துவிடும்.

பார்க்க மஞ்சள் ஓடிய பஞ்சுத் துணுக்கு மாதிரி இருந்தது. அதை சலைனில் நனைத்து, மழுங்கிய கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பாக்கெட்டுக்குள் திணித்தார். ஈறு விளிம்புக்கு மேலே துளியும் தெரியவில்லை. பிறகு விரலால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தார். கசிந்த ரத்தத்தில் ஊறி ஃபைபர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதன்மேல் ஈறை மூடிப் பாதுகாக்கும் இளஞ்சிவப்பு மாவு போன்ற பேக்கை அப்பினார். வலி என்று சொல்ல ஒன்றுமில்லை, அன்றைக்கு வாய் கசந்தது. பெரிய தொல்லை அந்த பேக்தான்! நாக்கு சும்மா இருக்காது, அதையே நெருடிக்கொண்டிருக்கும். பேக்கை எடுக்கும் வரை அந்தப் பக்கம் பிரஷ் கூடாது, முறுக்கு கூடாது, மென்று தின்னவே கூடாது.

பலன் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. மேல் பல்லில் பாக்கெட் நாலுக்கு இறங்கி, பிறகு மூன்றில் நின்றது. இன்றுவரை அப்படியே இருக்கிறது, ரத்தமும் இல்லை. கீழ்க் கடைவாய்ப்பல்லில் முதல் சில மாதம் நன்றாக இருந்தது, வருடம் திரும்புவதற்குள் பழைய ஆழத்துக்கே போய்விட்டது. அங்கே வேர் இரண்டாகப் பிரியும் கவட்டையில் எலும்பு கரைந்திருந்ததாம். அந்த இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே பெரும்பாடு. மருந்து மட்டும் என்ன செய்யும்? கடைசியில் ஈறைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யத்தான் வேண்டியிருந்தது.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பிறகு படித்தேன். ஆழமான க்ளீனிங்கினால் மட்டும் பல்லில் ஈறின் பிடிப்பு சராசரியாக அரை மில்லிமீட்டர் மீள்கிறது. இந்த மாதிரி மருந்துகள் அதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன, அவ்வளவுதான். ஃபைபருக்கு இடத்துக்கு இவ்வளவு என்று தனி பில் வருவதால் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மேல் பல்லுக்குக் கொடுத்த காசு எனக்கு வீண் இல்லை. ஆனால் அந்தப் பல் நிலைத்ததில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் க்ளீனிங்குக்கும், பல்லிடுக்கில் விடும் குட்டி பிரஷுக்கும், ஓரளவு அடங்கிய சர்க்கரைக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிகளும் டெட்ராசைக்ளின் ஒவ்வாதவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். என் மச்சினனுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அவனுக்கு வைத்தது குளோர்ஹெக்சிடின் சிப். அது ஆன்டிபயாடிக் இல்லை, கிருமிநாசினி. கைக்குழந்தையின் விரல் நகம் அளவுதான் இருக்கும், ஈரம் பட்டால் உடனே துவண்டுவிடும். அவனுக்கு முதல் சிப் பாதியிலேயே மடங்கிப்போய், இரண்டாவதைத்தான் உள்ளே வைக்க முடிந்தது. இரண்டுக்கும் பில் போட்டார்களா என்று கேட்டேன். ஒன்றுக்குத்தானாம்.