பிராந்தி வடிக்கக் கடை வைனா, நாமே புளிக்கவைத்ததா?

பிராந்தி வடிக்கத் தொடங்கியவர்கள் சொல்லும் முதல் குறை பெரும்பாலும் இதுதான்: வடிந்த சரக்கில் தீக்குச்சி உரசிய நெடி, மூக்கில் சுள்ளென்று ஏறும் காரம், சில வேளை லேசான நீலப்பச்சை நிறம். உடனே வடிக்கும் செம்புக் கலத்தின் மீதும் சூட்டின் மீதும் சந்தேகம் போகிறது. கோளாறு அநேகமாக வைனில்தான். சொந்தத் தேவைக்கு வீட்டில் வடிக்க 1996 முதல் சட்டம் இடம்தரும் நியூசிலாந்தை வைத்தே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் வடிப்பது குற்றம்.

வழி இரண்டு. மலிவான கடை வைனை அப்படியே கலத்தில் ஊற்றலாம். அல்லது திராட்சைச் சாற்றை நாமே புளிக்கவைத்து வடிக்கலாம். நான் இரண்டாவதன் பக்கம். நேரத்தைப் பார்த்தால் கடை வைனுக்கே வெற்றி: வாங்கிய அன்றே அடுப்பேற்றலாம், சொந்த ஊறலுக்கு மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ஆனால் முடிவை மாற்றுவது நேரமல்ல, சல்ஃபைட்.

கெடாமல் இருக்கக் கடை வைனில் சல்ஃபைட், அதாவது சல்ஃபர் டை ஆக்சைடு, சேர்க்கிறார்கள். ஐரோப்பிய விதி, இனிப்பில்லாத வெள்ளை வைனில் லிட்டருக்கு 200 மி.கி. வரையும் சிவப்பில் 150 மி.கி. வரையும் அனுமதிக்கிறது. இதில் ஒரு பங்கு தனியாக மிதக்கும். மீதி, புளிக்கும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு முதலியவற்றோடு பிணைந்து கிடக்கும். குளிர்ந்த வைனில் அந்தப் பிணைப்பால் நெடி தெரியாது. சூடேற்றினால் பிணைப்பு விட்டுப்போகும், இரண்டுமே சீக்கிரம் ஆவியாகி முதலில் வந்து விழும். வடிந்த திரவத்தில் கரையும் கந்தக வாயு சல்ஃபியூரஸ் அமிலமாகிச் செம்பை அரிக்கிறது. நீலப்பச்சை நிறம் வருவது அதனால்தான்.

முதலில் வரும் தலைப்பகுதியை ஒதுக்கிவிட்டால் தீராதா? பாதிதான் தீரும். பிராந்தியை இரண்டு ஓட்டமாக, அதாவது இருமுறை வடிக்கிறோம். முதல் ஓட்டத்தில் எல்லாவற்றையும் சேர்த்தே பிடிப்பதால் வாயுவும் ஆல்டிஹைடும் அந்தப் பாத்திரத்திலேயே மறுபடி பிணைந்துகொள்கின்றன. இரண்டாம் ஓட்டத்தில் மறுபடி வெளிவருகின்றன. நெடி போகும்வரை ஒதுக்கிக்கொண்டே போனால் நல்ல பழமணமும் அதோடு போய்விடும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சொந்த ஊறலிலும் கந்தக நாற்றம் வரலாம், ஆனால் அது அழுகிய முட்டை நாற்றம், ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் ஊட்டம் போதாதபோது வருவது. செம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கலத்தின் உட்புறம் கறுக்கும், சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவினால் போய்விடும். தீக்குச்சி நெடிக்கு அந்த வைத்தியம் பலிக்காது. எவ்வளவு செம்பு வலையைத் திணித்தாலும் சல்ஃபர் டை ஆக்சைடு கடந்து வந்துவிடும்.

பிராந்திக்குப் பேர்போன பிரான்ஸின் கோன்யாக் வட்டாரத்தில் வடிப்பதற்கான வைனைப் புளிக்கவைக்கையில் சல்ஃபைட் சேர்க்க விடுவதில்லை. அங்கே பெரும்பாலும் உனி பிளாங்க் திராட்சை. புளிப்பு மிகுதி, ஆல்கஹால் 9 சதவீத அளவுதான். வீரியம் குறைந்த வைனில் பழமணம் அதிகம் செறியும், ஒரு லிட்டர் பிராந்திக்கு ஒன்பது லிட்டர் வைன்போலச் சுண்டுவதால். சல்ஃபைட் இல்லாத வைன் நாள்பட நிற்காது என்பதால் அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் வடித்து முடித்துவிட வேண்டும்.

வீட்டிலும் இதையே பின்பற்றலாம். 20 லிட்டர் வைனுக்கு 28 முதல் 30 கிலோ திராட்சை தேவை. லிட்டருக்கு 160 கிராம் சர்க்கரை இருக்கும்போதே பறித்த காய் போதும், 9.5 சதவீதம் கிடைக்கும். வீரியம் கூட்டச் சர்க்கரை கொட்டாதீர்கள், மணம் நீர்த்துப்போகும். 18 முதல் 20 டிகிரியில் புளிக்கட்டும். ஊறல் அடங்கியதும் பாத்திரத்தைக் கழுத்துவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, ஓரிரு வாரத்தில் வடித்துவிடுங்கள். தாமதித்தால் காடியாகும். நகப்பூச்சு நீக்கியின் மணம் லேசாக இருந்தால் தலைப்பகுதியோடு போய்விடும். புளித்த காடி மணமே எழுந்தால் அந்த ஊறலைக் கொட்டிவிடுவதே நல்லது. மெல்லிய ஈஸ்ட் வண்டல் கொஞ்சம் சேர்ந்தால் சரக்குக்குக் கனம் வரும், ஆனால் சூடேற்றும் கம்பி திரவத்துக்குள்ளேயே இருக்கும் கலத்தில் அது கருகும். அப்படிப்பட்ட கலமென்றால் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள்.

வடிக்கும் முறை இரண்டுக்கும் பொது. முதல் ஓட்டத்தில் வேகமாக வடித்து 28 முதல் 30 சதவீதச் சரக்கைச் சேருங்கள். மூன்று ஓட்டச் சரக்கை ஒன்றாக்கி இரண்டாம் முறை மெதுவாக வடியுங்கள். முதலில் வடிவதில், கலத்தில் ஊற்றிய அளவில் 1 முதல் 2 சதவீதத்தைத் தலைப்பகுதியாக ஒதுக்கி, வீரியம் 60 சதவீதத்துக்கு இறங்கியதும் நடுப்பகுதியை நிறுத்திவிடுங்கள். பின்னால் வரும் வாலை அடுத்த ஓட்டத்தில் சேர்க்கலாம். மின் அடுப்பு, காற்றோட்டமான இடம், திறந்திருக்கும் வெளிவாய்: இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆல்கஹால் ஆவி தீப்பற்றும்.

கடை வைன்தான் கிடைக்கிறது என்றால் இனிப்பானதை விலக்குங்கள். மிச்சச் சர்க்கரை கருகும், பொட்டாசியம் சோர்பேட் என்ற பதப்படுத்தியும் இருக்கலாம். தனி சல்ஃபைட்டைச் சோதனைப் பெட்டியால் அளந்து ஹைட்ரஜன் பெராக்சைடால் முறிக்கலாம்: 20 லிட்டரில் லிட்டருக்கு 30 மி.கி. இருந்தால் 3 சதவீதக் கரைசல் சுமார் 11 மி.லி. போதும். பிணைந்திருப்பதை இது முழுதாகத் தொடாது. கூடுதலாக ஊற்றினால் ஆல்டிஹைடு பெருகும், நெடி வேறு வடிவில் திரும்பும். புதுக் கலத்தைக் கழுவும் முதல் ஓட்டத்துக்குக் கடை வைன் தாராளமாகப் போதும். அந்தச் சரக்கைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.