ஆன்லைன் வகுப்பில் ஸ்கீமா டிசைன்: எதுவரை கைகொடுக்கும்?

டேட்டாபேஸ் ஸ்கீமா வடிவமைப்பை, அதாவது எந்தத் தகவலை எந்த டேபிளில் எப்படி வைப்பது என்று திட்டமிடுவதை, ஆன்லைனில் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் பெரும்பாலான வகுப்புகள் காலி டேபிளை வரையத்தான் சொல்லித்தருகின்றன. 10 லட்சம் ரெக்கார்டு ஏறிய பிறகு அதே ஸ்கீமாவை மாற்றுவது தனி வேலை. அந்தப் பக்கம் அவை அநேகமாக எட்டிப்பார்ப்பதே இல்லை.

நன்றாகச் செய்வதை முதலில் சொல்லிவிடலாம். 1970இல் எட்கர் காட் முன்வைத்த, தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடல், 1976இல் பீட்டர் சென் தந்த, பொருட்களையும் அவற்றின் தொடர்பையும் வரைந்துகாட்டும் இ-ஆர் வரைபடம், ஒரே தகவல் பல இடத்தில் வராமல் டேபிள்களைப் பிரிக்கும் நார்மலைசேஷனில் மூன்றாம் நார்மல் ஃபார்ம் வரையிலான படிகள் எல்லாம் வீடியோவிலேயே நன்றாகப் புரியும். ஸ்டான்ஃபோர்டின் ஜெனிஃபர் விடம் 2011இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட வகுப்பு இதற்கு நல்ல தொடக்கம். கார்னகி மெல்லனில் ஆண்டி பாவ்லோ நடத்துவதும் அருமைதான், ஆனால் அது டேட்டாபேஸ் எஞ்சினை உள்ளே எப்படிக் கட்டுகிறார்கள் என்பது பற்றியது. ஸ்கீமா வரைய அங்கே போக வேண்டாம்.

சிக்கல் எங்கே என்று பார்க்க, வகுப்புக்கு வகுப்பு வரும் மாணவர்–பாடம் உதாரணமே போதும். நடுவில் ஒரு பதிவு டேபிள். மாணவர் எண்ணும் பாட எண்ணும் சேர்ந்து பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும், திரும்ப வராத மதிப்பு. திரையில் கச்சிதமாக இருக்கும். தேர்வில் தவறியவர் அடுத்த பருவத்தில் அதே பாடத்தை மறுபடி எடுத்தால்? டூப்ளிகேட் கீ என்று சொல்லி இரண்டாவது பதிவு வெளியே நிற்கும். இப்போது பருவத்தையும் கீயில் சேர்க்க வேண்டும். இந்தக் கீயைச் சுட்டும் மதிப்பெண் டேபிளிலும் பருவத்தைச் சேர்த்து, பழைய ரெக்கார்டுகளை நிரப்பி, அந்தச் சுட்டலான ஃபாரின் கீயைக் கழற்றி, பிரைமரி கீயை மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். பதிவு தேதியைச் சேமிக்காமல் விட்டிருந்தால் எந்தப் பருவம் என்று நிரப்புவது? இந்தக் கேள்விதான் பாடமே. வீடியோ இதற்கு முன்பே முடிந்துவிடும்.

நார்மலைசேஷனை மந்திரம் போல ஓதும் வகுப்புகளில் இன்னொன்றும் நடக்கும். பொருள் டேபிளில் விலை இருக்கிறதே, ஆர்டர் வரியில் எதற்கு என்று அடித்துவிடுவார்கள். இன்றைய விலை வேறு, அன்று விற்ற விலை வேறு. இரண்டும் தனித்தனித் தகவல். அடித்துவிட்டால், விலையைத் திருத்தும் நாளில் பழைய பில் அத்தனையும் மாறிப்போகும்.

ஆகவே பிரவுசருக்குள் வரும் பயிற்சிப் பெட்டியை நம்பாமல், சொந்தக் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸை நிறுவிக்கொண்டு படிப்பது நல்லது. வகுப்பு ப்ராஜெக்ட்டின் வாடிக்கையாளர், ஆர்டர் டேபிள்களை அங்கே உருவாக்கி, வரிசை எண்களைத் தானாக உருவாக்கும் ஜெனரேட் சீரீஸ் ஃபங்ஷனால் ஆர்டர் டேபிளில் 10 லட்சம் ரெக்கார்டு நிரப்புங்கள். டிரான்சாக்‌ஷன் ஒன்றைத் திறந்து, ஆர்டரே இல்லாத 1,000 வாடிக்கையாளர்களை நேரம் எங்கே போகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டு அழித்துப்பாருங்கள், பிறகு ரோல்பேக் செய்து அழித்ததை மீட்டுவிடுங்கள். ஏறக்குறைய நேரம் முழுவதையும் ஃபாரின் கீயைச் சோதிக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் ட்ரிகர் விழுங்கியிருக்கும். காரணம், ஃபாரின் கீக்கு போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அகவரிசை) போடாது. அழிக்கும் ஒவ்வொருவருக்கும் ஆர்டர் டேபிளை முழுதாக வாசிக்கிறது. இண்டெக்ஸ் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் இயல்பான எஞ்சினான இன்னோடிபியில் அந்த இண்டெக்ஸ் தானாகவே வந்துவிடும் என்பதால், அதில் நடக்கும் வகுப்புகள் இதைப் பேசுவதே குறைவு.

வீடியோவின் வயதையும், அது எந்த டேட்டாபேஸில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முன்பு செக் கன்ஸ்ட்ரெயின்ட்டை (தப்பான மதிப்பைத் தடுக்கும் விதியை) எழுதினால் பிழை வராது, வேலையும் செய்யாது. எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே கிடக்கும்; ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் ப்ராக்மா கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். இது தெரியாமல் படித்தால், கன்ஸ்ட்ரெயின்ட் காவல் காக்கிறது என்ற நினைப்பிலேயே தப்பான டேட்டா உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

விடையைத் தானாகத் திருத்தும் ஆட்டோ கிரேடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குவெரி தரும் விடையைத்தான் அது ஒப்பிடுகிறது. பணத்தைத் துல்லியமான நியூமெரிக்கில் வைக்காமல் தோராயமான ஃப்ளோட்டில் வைத்தாலும், ஒரே மதிப்பு திரும்ப வராமல் தடுக்கும் யூனிக்கைப் போட வேண்டிய இடத்தில் விட்டாலும் பச்சை டிக் விழும். டேபிள் உருவாக்கும் ஸ்கிரிப்ட்டை ஒரு ஆள் படித்துத் திருத்தித்தரும் வகுப்பாக இருந்தால் பணம் கட்டலாம். வெறும் வீடியோவும் சான்றிதழும்தான் என்றால் இலவசமே போதும்.